ஆற்றங்கரை வரை

நர்ஸ் வாசித்தி என் விரலைக் குத்தி, கருவியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“மறுபடியும் சர்க்கரை ஏறியிருக்கு மாமா. கிழங்கு சாப்பிடுறீங்களா?”

“உன் அத்தை அதை வீட்டுக்குள்ளேயே விடறதில்லை.”

“நடக்கிறீங்களா?”

“தினமும் காலையில, தேவாலயம் வரைக்கும்.”

“போதாது. ஆத்தங்கரை வரைக்கும் போங்க. சர்க்கரை இறங்கலைன்னா அடுத்த மாசம் ஊசிதான்.”

ஊசி என்றால் எனக்கு நடுக்கம். மறுநாளே ஆற்றங்கரை வரை நடந்தேன். மழையிலும் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது.

“நாளைக்கு நானும் கூட வரேன்” என்றாள் வாசித்தி.

காலையில் கிளம்பினோம். முதல் வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அபிசாய் அண்ணே, வாங்க சாப்பிடலாம்! மரவள்ளி சூடா இருக்கு.”

சாப்பிடும்போது தெருவில் போகிறவரை அழைப்பது எங்கள் ஃபிஜி வழக்கம். மறுப்பது என் வழக்கமில்லை. செருப்பைக் கழற்றினேன்.

வாசித்தி என் கையைப் பிடித்தாள்.

“மாமா, இப்படி எத்தனை வீடு?”

“முன்னாடி தேவாலயம் வரைக்கும்தான். ஆத்தங்கரை வீடுகளை நீதானே சேர்க்கச் சொன்னே?”