பிக்கப் பத்தல

"பிக்கப் பத்தலண்ணே" என்று தேவநாதன் மறுபடியும் வந்து நின்றதும், மெக்கானிக் மரியதாஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

"ஓடறப்ப நல்லாத்தான் ஓடுது. நின்ன எடத்துலேருந்து கெளம்பறப்பதான் உதறிட்டு ஆஃப் ஆயிடுது. உப்பளத்து வரப்புலேருந்து ரோட்டு மேல ஏத்தவே முடியல."

பதிவு செய்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டர் அது. உப்பள ஆபீஸ் குமாஸ்தா தேவநாதன் அதில் வந்து இறங்கிய அன்று மரக்காணம் பஸ் ஸ்டாண்டே எழுந்து நின்று பார்த்தது. இப்போது அதே பஸ் ஸ்டாண்ட் சிரிக்கிறது.

மரியதாஸ் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். நிறுத்தி நிறுத்தி எட்டுத் தடவை கிளப்பினார். ஒரு தடவைகூட அணையவில்லை. திரும்பி வந்து கிளட்சைப் பிரித்தால், போன வாரம்தான் போட்ட பிளேட்டுகள் கரிக்கட்டையாக இருந்தன.

"ஏம்பா, வண்டில ஒண்ணும் இல்ல. கையிலதான் கோளாறு. கிளட்ச்ச டக்குனு உட்டா எந்த வண்டிதான் ஆஃப் ஆவாது?"

"சரிண்ணே."

"அதுக்காவ பாதியிலயே புடிச்சிக்கிட்டு முறுக்கவும் கூடாது. பிளேட்டு எரிஞ்சிரும். கொஞ்சங் கொஞ்சமா உடணும், அதே நேரம் கொஞ்சங் கொஞ்சமா முறுக்கணும்."

தேவநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான். "கொஞ்சங் கொஞ்சமா... அப்புறம்ணே?"

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் கண்ணாயிரத்துக்குப் புரை ஏறிவிட்டது. "ஏம்பா, நர்ஸம்மா முழங்கையில பிளாஸ்திரி போட்டிருக்காங்களே, நீ தள்ளிவுட்டதுதானா?"

நர்ஸம்மா என்பது தேவநாதனின் மனைவி வசந்தா. மீனவர் குப்பங்களுக்கெல்லாம் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். பஸ் தவறினால் வெயிலில் ஐந்து மைல், ஆறு மைல் நடப்பாள்.

தேவநாதன் அதற்கும் சிரித்தான். மரியதாஸுக்கே பாவமாகப் போய்விட்டது. இன்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரத்தைக் கழற்றி, ரெண்டு பல் குறைந்த சின்னச் சக்கரமாகப் பார்த்து மாட்டினார். புது கிளட்ச் பிளேட் போட்டார், கார்புரேட்டரைக் கழுவினார், சைலன்ஸரில் அடைத்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தார்.

"இனிமே டாப் ஸ்பீடு கொஞ்சம் கம்மியாத்தான் வரும். ஆனா நின்ன எடத்துலேருந்து எகிறும். இதுலயும் ஆஃப் ஆச்சுன்னா, நீ பேசாம மாட்டுவண்டி ஓட்டு."

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் மரியதாஸின் வீட்டில் யாருக்கும் சிரிக்க நேரமில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிலோமினாவுக்கு, சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வலி கண்டுவிட்டது. நர்ஸம்மாவோ காலையிலேயே கூனிமேட்டுக்குப் போயிருந்தாள்.

மரியதாஸ் ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்து நின்று பாண்டிச்சேரி பஸ்ஸை மறித்தார். கூனிமேட்டில் சொல்லிவிடுவதாகக் கண்டக்டர் வாக்குக் கொடுத்தார். ஆனால் அங்கிருந்து திரும்புகிற பஸ் ஐந்தரைக்குத்தான். ஊர் வண்டியையெல்லாம் சரிபண்ணுகிற மரியதாஸுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள்.

"புள்ளைக்குக் கை காலெல்லாம் சில்லுனு ஆவுது" என்றாள் மனைவி. "தேவநாதன் போயி கூட்டியாந்தா என்ன?"

"அவனா? வழியில பத்து எடத்துல நிப்பான்."

சொல்லிவிட்டாரே தவிர, மனசுக்குள் அவனைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். உள்ளே மகள் அலற அலற, கொல்லையில் வெந்நீர் அடுப்பை ஊதியபடி ஜெபமாலையை உருட்டினார்.

நாலேகாலுக்குத் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அங்கே உப்பு லாரி ஒன்று குறுக்கே நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து, நின்றது. எப்படியோ சேதி எட்டித் தேவநாதன்தான் கூட்டிவருகிறான் என்று நினைத்த மரியதாஸ், அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அடுத்த நொடி இன்ஜின் ஒரே மூச்சில் எழும்பியது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. மணல் மேட்டில் ஏறி வாசலில் வந்து நின்றது. அவர் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் வசந்தா அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியாகிவிட்டது. மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அவரைக் கொல்லைக்கே விரட்டினாள்.

அரைமணி நேரம் கழித்துக் குழந்தை அழுதது.

வசந்தா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "பேத்தி பொறந்திருக்காண்ணே. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. அஞ்சரை பஸ்ஸுக்கு வந்திருந்தா எதுவும் என் கையில இல்ல. இப்ப தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

மரியதாஸ் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நர்ஸம்மா, தேவநாதன உள்ள கூப்புடுங்க. அவன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கணும். ஓட்டத் தெரியாதுன்னு ஊர் பூரா சொல்லி அவன் மானத்த வாங்கிட்டேன். லாரிகிட்ட நிறுத்தி எடுத்தான் பாருங்க, நானே அப்படி எடுத்திருக்க மாட்டேன்."

வசந்தா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அவரு உப்பளத்துல இல்ல இருக்காரு? வண்டிய ஓட்டியாந்தது நான்தாண்ணே. மூணு வாரமா ஓட்டிப் பழகி கிளட்ச்ச எரிச்சதும் நான்தான்."