சனிக்கிழமை ஏழரை

"இந்த ஆளு தானும் குழம்பி நம்மளையும் குழப்புறான்" என்று சொல்லி, கால்பந்து கிளப்பின் செயலாளர் அந்தப் படிவத்தை மணிக்காரரின் மேஜையில் போட்டார்.

மணிக்காரர் என்பது பட்டப்பெயர். எந்த ஆட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று குறித்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை.

சனிக்கிழமை ஆட்டம் இத்தனை காலமும் இரவு ஏழரைக்குத்தான் நடந்துவந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'சனியும் ஏழரையும் சேர்ந்தா விளங்குமா?' என்று கேலி பேசிக்கொண்டே, மதியம் மூன்று மணிக்கு மாற்றச் சொன்னார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள், மாற்றினால் எங்கள் சீட்டில் ஈதான் உட்காரும் என்றார்கள். சீசன் டிக்கெட்காரர்களையே கேட்டுவிடலாம் என்று ஆளுக்கொரு படிவம் போனது.

வந்ததை எண்ணினால் இரண்டு பக்கமும் சரிசமம். மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

அதில் மூன்று மணிக்கு நேரே டிக் போட்டிருந்தது. 'இந்த நேரத்தில் உங்களால் வர முடியுமா?' என்ற கேள்விக்கு, முடியாது என்று பதில். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: தூக்கம்.

மணிக்காரர் மூன்று தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தரமும் படித்தார். வர முடியாத நேரத்தை ஒரு மனுஷன் எதற்குக் கேட்கிறான்? யாருக்குத் தூக்கம்?

செயலாளருக்கு அதில் சந்தேகமே இல்லை. வராத ஆளுக்கு டிக்கெட் எதற்கு, வெளியே கைமாற்றி விடத்தான்; இந்த மாதிரி ஆட்களால்தான் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்றார். அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, படிவத்தைக் கழித்துக்கட்டச் சொன்னார். சரிசமம் என்றால் பழைய நேரமே தொடரும். ஏழரையே இருந்துவிட்டால் அவருக்கும் தலைவலி இல்லை.

சரி, கழித்துவிடலாம் என்றுதான் மணிக்காரரும் நினைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் பதிவைத் திறந்து பார்த்தார். அங்கேதான் அவருக்கு இன்னும் தலை சுற்றியது. ஆறு வருஷத்தில் அந்த ஆள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை.

ஆளை வரச் சொல்லிப் போன் செய்தார். மறுநாள் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். யூனிஃபாரத்தோடு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

டிக் தப்பாக விழுந்துவிட்டதா என்று மணிக்காரர் விசாரித்தார். இல்லை, சரியாகத்தான் போட்டேன் என்றார் டிரைவர். சனிக்கிழமை அவருக்குப் பதினொரு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் வண்டி. மூன்று மணி என்றால் வரவே முடியாது. அதுவும் தெரிந்துதான் போட்டாராம்.

"டிக்கெட்டை வேற யாருக்காவது குடுக்கிறதா இருக்கீங்களா?"

"இல்ல சார். என் சீட்டு சும்மாதான் கெடக்கும். பாப்பா பையை வச்சுக்கட்டும்."

"எந்தப் பாப்பா?"

டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சொல்லக் கூச்சப்படுகிற மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

ரெண்டு வருஷமாக அந்தப் பாப்பா வருகிறது. இப்போது ஆறு வயசிருக்கும். அம்மா மடியில் கைக்குழந்தை இருப்பதால், பாப்பா இவர் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் பாதி முழுக்கக் கேள்விதான். அவர் ஏன் கொடியைத் தூக்குறாரு, இவர் ஏன் விசில் ஊதுறாரு என்று வாய் ஓயாது. இடைவேளை முடிவதற்குள் இவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போகும். அதன் பிறகு கோல் விழுந்து மைதானமே எழுந்து குதித்தாலும் இவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"அப்ப உங்களுக்குத் தொந்தரவு. அதனாலதான் மாத்தச் சொல்றீங்க" என்றார் மணிக்காரர். ஒரு வழியாகப் புரிந்துவிட்ட நிம்மதி அவருக்கு.

"தொந்தரவா?" டிரைவர் அவரை விநோதமாகப் பார்த்தார். "ஒவ்வொரு வாரமும் வந்ததும் முதல் கேள்வி, போன வாரம் யாரு ஜெயிச்சாங்கன்னுதான் சார். ரெண்டு வருஷத்துல ஒரு ஆட்டத்தோட முடிவைக்கூட அது முழிச்சிருந்து பாக்கல. மூணு மணிக்கு வச்சா பாத்துடும்ல?"

"அதுக்காக நீங்க பாக்காம இருக்கணுமா?"

"நான் ஆறு வருஷமா பாத்துட்டேனே."

மணிக்காரர் மேஜையில் இருந்த இரண்டு படிவக் கட்டுகளையும் பார்த்தார். இத்தனை படிவங்களையும் அவர்தான் படித்திருந்தார். மூன்று மணி கேட்டவர்கள் தங்கள் வீட்டுக்காகக் கேட்டிருந்தார்கள். ஏழரை கேட்டவர்கள் தங்கள் வேலைக்காகக் கேட்டிருந்தார்கள். அவருடைய வீட்டிலிருந்து போன படிவமும் அப்படித்தான். சனிக்கிழமை மதியத் தூக்கம் கெடக்கூடாது என்று ஏழரைக்கு டிக் போட்டது சாட்சாத் அவர்தான்.

டிரைவரின் படிவத்தை எடுத்து, மூன்று மணிக் கட்டில் வைத்துக் கட்டினார்.

டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். வண்டி எடுக்க நேரமாகிவிட்டதாம். கதவு வரைக்கும் கூடவே போன மணிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்தப் பாப்பா உங்களுக்கு என்ன வேணும்? அண்ணன் மகளா, அக்கா மகளா?"

"சொந்தமெல்லாம் இல்ல சார்" என்றார் டிரைவர். "பக்கத்து சீட்டு."