வெயிலில் இருப்பவன்

"தம்பி, லைனை வெட்டிப்போடாதை!" நோர்வேயிலிருந்து பதறினார் அக்காவின் கணவர் றெனால்ட்.

"வெட்டமாட்டன் அத்தான். சொல்லுங்கோ," என்றான் சிங்கராசா.

"கேம்பர் வானோட மலையில பனிக்குள்ள மாட்டுப்பட்டுட்டம். ஹீட்டர் நிண்டுட்டுது. சோலார் இருந்தும் லிதியம் பற்றறி சார்ஜ் ஏறுதில்லை. உதவிக்கு ஆக்கள் வரச் சுணங்குமாம். பிள்ளை நடுங்குறாள். நீ இஞ்ச இருக்கேக்க இப்பிடி ஒரு வானிலதானே இருந்தனீ?"

"பற்றறி எங்க கிடக்கு?"

"வானுக்கு வெளிய, பெட்டிக்குள்ள."

"அது பழுதில்லை அத்தான். உறைகுளிரில சார்ஜ் ஏறாது. கழட்டி உள்ளுக்குக் கொண்டுவந்து, போர்வைக்குள்ள மடியில வச்சிருங்கோ. குளிர் விட்டாப் பிறகு கொழுவுங்கோ."

"நீ லைனிலேயே இரு. எனக்குப் பயமாக் கிடக்கு."

சிங்கராசா காத்திருந்தான். அவனுடைய கைபேசி சார்ஜ் குறைகிறதென்று சத்தமிட்டது. அவன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தான்.

"அங்க என்ன இரைச்சல்?"

"வாடைக் காத்து அத்தான்."

வெகுநேரம் கழித்து றெனால்ட் கத்தினார். "ஏறுது! ஹீட்டரும் வேலை செய்யுது! நீ குடுத்து வச்சனீ தம்பி, மன்னார் வெயிலில சுகமா இருக்கிறாய்."

"சரி அத்தான், இனி எனக்கு நீங்கள் ஒரு உதவி…"

கைபேசி அணைந்துவிட்டது.

சிங்கராசா எழுந்து நின்று பார்த்தான். எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. எஞ்சின் நின்றுபோய்க் காலையிலிருந்து அலைந்த படகில், சிக்னல் கிடைத்ததும் தன் ஊரான ஓலைத்தொடுவாய்க்கு உதவி கேட்டு அழைக்கத்தான் கைபேசியை எடுத்தான். அதற்குள் அத்தான் அழைத்துவிட்டார்.