செல்போன் கட்டிய கும்மி

"அட கெரகமே! கும்மியடிக்க வந்தவங்களுக்குக் கையில செல்போனு எதுக்குங்க?"

நடுவர் நாச்சிமுத்து மைக்கிலேயே கேட்டுவிட்டார். பங்குனி உத்திரக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் மார்க் எழுதிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

பின்னே? பனியன் கம்பெனி செக்கிங் பெண்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் போட்டுக் கட்டிய செல்போன். தெருவுக்கு ஒருத்தர் செல்போன் வைத்திருந்த காலத்தில் இந்தப் பவுசு தேவையா?

ஆனால் ஆட்டம் இருக்கிறதே, அம்மாடி! குனிந்தார்கள், சுழன்றார்கள், எட்டு ஜோடிக் கையும் ஒரே தட்டு. பஞ்சுமிட்டாய்க்காரர்கூட வியாபாரத்தை மறந்து ஆடினார்.

முடிந்ததும் நாச்சிமுத்து எழுந்தார்.

"செல்போனப் பாத்து ஆடுனா அது காப்பியடிக்கறதுங்க. பரிசு கெடையாது!"

முதல் பரிசு ஆளுக்கொரு குக்கர். தலைவி ராமாத்தாள் விடுவிடுவென்று மேடையேறினாள்.

"மொதல்ல மைக்கை அணைங்க சாமி. அப்புறம் இதைப் பாருங்க."

நாச்சிமுத்து மைக்கை அணைத்துவிட்டு, அவள் கையில் கட்டியிருந்ததை அவிழ்த்தார். கறுப்புத் துணி சுற்றிய சோப்புக் கட்டி!

"என்ன கண்ணு இது?"

"எங்க ஏழு பேருகிட்டயும் சோப்புத்தானுங்க. நெசப் போனு ஒச்சம்மாகிட்ட மட்டுந்தான்."

மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஒச்சம்மாள் கீழே நின்றிருந்தாள். அவள் போனை வாங்கி வந்து காட்டினாள் ராமாத்தாள். திரை முழுக்க நட்சத்திரமும் நம்பருமாக இருந்தது.

"ஸ்டாருக்குக் கை தட்டணும். நாலு இடது, ஆறு வலது, எட்டுக்குக் குனியணும். போன்ல பாம்பு கேம் ஆடற பட்டனுங்கதான். திரைக்கு அடங்கற அளவுல பாட்டை ஒடைச்சுத் தட்டி வெச்சோமுங்க. அவளுக்குப் பொறவியிலயே காது கேக்காதுங்க. உள்ள பாத்து ஆடறப்ப எங்களப் பாத்துக்குவா. வெளிய திரும்பறப்ப இதுதானுங்க அவளுக்குப் பாட்டு."

"செரி, அவளுக்கு வேணும். உங்களுக்கெதுக்குச் சோப்பு?"

"அவ ஒருத்தி கட்டுனா, அவளப் பாத்துச் சிரிப்பாங்க. எட்டுப் பேரும் கட்டுனா..."

எனக்குச் சுருக்கென்றது. நான் சிரித்தேனே!

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் போட்டார்.

"பரிசு இவங்களுக்குத்தானுங்க!"

"அப்ப செல்போனு?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

"அது புதுப் பேஷனுங்க!" என்றவர், தன் செல்போனைக் கைக்குட்டையால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

என்னிடம் ஏது செல்போன்? மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கட்டிக்கொண்டு, முதல் குக்கரை ஒச்சம்மாளிடம் நீட்டினேன்.