மாடிப்படி டியூஷன்

“இவ்வளவு மெதுவாக் கேட்டா டீச்சர் மார்க் போட மாட்டாங்கப்பா. வாசல்ல நின்னு கேளுங்க,” என்றாள் மகள்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அப்பா, பாடப்புத்தகத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டார். டயர் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். தாளில் கறை படாமலிருக்க ஓரத்தைப் பிடித்தே புரட்டினார்.

மறுநாள் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கில வாய்மொழிப் பரீட்சை என்று மகள் சொல்லியிருந்தாள். கேன், மே, மஸ்ட், ஷுட். போன தடவை எல்லாவற்றையும் போட்டுக் குழப்பியிருந்தாள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால், உயிர்த் தோழியைப் பிரிந்து வேறு பிரிவில் போய் உட்கார வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எப்போதும் படிக்கட்டில்தான். அம்மாவோடு நடந்த ஒரு சண்டையில், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனவர் அவர். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் வெளியிலிருந்தே சொல்லிக்கொடுக்கட்டும் என்றுவிட்டாள் அம்மா. அதற்காகவே அவர் மாலை வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் படித்தார். திரும்பி வந்துவிட ஆசைதான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

“கேன்னா, என்னால முடியும். மேன்னா, அடுத்தவங்க சரின்னு சொல்லணும்,” என்று ஒப்பித்தார். “சரிதானாம்மா? எனக்கே சந்தேகமா இருக்கு.”

“சரிதான். இப்ப நான் டீச்சர். நீங்க லேட்டா வந்த பையன்.”

“உங்கம்மா என்ன நினைப்பா?”

“பரீட்சைக்குத்தானேப்பா.”

அவர் எழுந்திருப்பதற்குள் மகள் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கதவை வலிக்காமல் தட்டி, “மே ஐ கம் இன்?” என்றார்.

கேட்கவில்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டார். அதுவும் போதாதாம். எதிர்வீட்டுக்காரர் கதவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அப்பாவுக்குக் காது சூடாகியது. போனால் போகிறது, பிள்ளைக்கு மார்க் முக்கியம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும்படி கேட்டார்.

கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மகளின் ஒற்றைக் கண் தெரிந்தது.

அவர் பதறி ஒரு படி கீழே இறங்கினார். “பரீட்சைக்காகத்தான்... பாப்பா கேக்கச் சொன்னா. நீ யெஸ்ஸுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவளுக்கும் மனசுல பதியும். நான் கிளம்பிடறேன்.”



“பரீட்சை வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சு. கழுதை முழு மார்க் வாங்கிட்டா,” என்று சொல்லிக்கொண்டே அம்மா கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள்.