குளிப்பாட்டும் பாட்டு

ஒத்திகை அரங்கில் மேடை விளக்கு மட்டும் எரிகிறது. சின்ன வயதில் அப்பா பாடி அவள் கேட்ட பாட்டை, வேற்றுமொழிக்காரக் கணவன் செல்லோ வாத்தியத்தில் வில்லை இழுத்தபடி, திக்கித் திணறித் தமிழில் பாடுகிறான். அதைத் தாலாட்டென்று நினைத்துத்தான் அவள் இந்த இசை நாடகத்தையே கட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு முகம்கொடுத்துப் பேசாத அப்பா, கூப்பிட்டதற்கு வந்து கடைசி வரிசையில் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி கிறீச்சிடுகிறது. எழுந்து போய்விடுவாரோ என்று அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவரோ நேராக மேடையருகே வந்து நிற்கிறார். "இது தாலாட்டு இல்ல மாப்பிள்ளை, இவளைக் குளிப்பாட்டுறப்போ பாடினது. இப்படி இழுத்துப் பாடினா கண்ணுல சோப்பு போயிடும்." மேடை விளிம்பில் தட்டித் தாளம் போடுகிறார். வில் அதைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிறது. "மாப்பிள்ளைன்னா என்ன?" என்று வாசித்துக்கொண்டே அவளிடம் கேட்கிறான் கணவன்.