மந்திர நூல்

"தையல்காரியை வெச்சுக்கிட்டு எந்த ராட்சசனை ஜெயிக்கிறது டாக்டர்? அவனுக்குத் தலையணை உறையா தைச்சுக் குடுக்கப் போறோம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை. பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் நோயாளிகள் இல்லை. மேசையில் பகடை, பென்சில், ராட்சசனின் குகையாக வாயைப் பிளந்து கிடந்த பிளாஸ்டிக் பல்செட். வாராவாரம் இங்கே கதை விளையாட்டு. பல் டாக்டர் கதையை நடத்துவார், எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே காடு மலையெல்லாம் சுற்றுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் மாவீரன். மருந்துக்கடைக்காரர் ஏடு எழுதுபவர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிற மனிதருக்கு வேறென்ன வேடம் பொருந்தும்? மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்தான் தையல்காரி.

டாக்டரின் சட்டம் கறாரானது. மந்திரம் தெரிந்தால் மட்டும் மந்திரப் பொருள் செய்துவிட முடியாது, அதற்குரிய கைத்தொழிலும் தெரிய வேண்டும். வாளுக்குக் கொல்லர், மந்திரக்கோலுக்குத் தச்சர். போன வாரம் அவள் மந்திர மோதிரம் செய்யக் கிளம்பியபோது, ஊசி பிடித்த கைக்கு உலை எதற்கு என்று உட்கார வைத்துவிட்டார். இன்னொரு சட்டமும் உண்டு: மேசையில் சொன்ன சொல்லை யாரும் திரும்ப வாங்கக் கூடாது, டாக்டர் உட்பட.

தன் மச்சான் கொல்லர் வேடத்துக்குத் தயாராக இருப்பதாகவும், இந்தம்மாவை அனுப்பிவிடலாம் என்றும் மருந்துக்கடைக்காரர் அவள் முன்னாலேயே சொன்னார். இன்று ஏதாவது உருப்படியாகச் செய்தால் பார்க்கலாம் என்று டாக்டர் மழுப்பினார்.

இந்த ஊரில் அவளோடு முகம் கொடுத்துப் பேசுகிற இடம் இது ஒன்றுதான். இதுவும் போனால் ஞாயிறு முழுக்கச் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. குகை வாசலில் சூனியக்காரன் மாவீரனைக் கல்லாக்கிவிட்டான். மெக்கானிக் கையை ஓங்கியபடி சிலையாக நின்றார். நடுவே மூக்கை மட்டும் சொறிந்துகொண்டார்.

"ஒரு மந்திர நூல் செய்தாத்தான் இவருக்கு உயிர் வரும்," என்றார் டாக்டர்.

மருந்துக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பகடையை எடுத்தார். எழுத்து வேலைக்குத் தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்று அலட்டிக்கொண்டார்.

"டாக்டர், அந்த நூல் என்ன கலர்ல வேணும்?" என்று கேட்டாள் அவள்.

சிலை குலுங்கிச் சிரித்தது. மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நூல்னா புத்தகம்மா," என்றார் அவர்.

"அப்படியா? நான் ஊசியில கோக்கிறதுன்னு நினைச்சேன். டாக்டர் நூல்னுதானே சொன்னாரு?"

டாக்டர் நினைத்தது புத்தகம்தான் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

"படிச்சாத்தானே சாபம் போகும்? தையல் நூலை எப்படிப் படிக்கிறது?" என்று எகிறினார் மருந்துக்கடைக்காரர்.

"கல்லாப் போனவருக்குப் படிச்சா காது கேக்குமா சார்? கையில கட்டிவிட்டா போதாதா?"

டாக்டர் பகடையைப் பிடுங்கி அவள் பக்கம் நகர்த்தினார். தையல் தெரிந்தவள் என்பதற்காகக் கூடுதல் புள்ளியும் கொடுத்தார். பகடையும் அவள் பக்கமே விழுந்தது. உயிர் பெற்ற மாவீரன் முதல் காரியமாக ஓங்கிய கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மச்சானுக்கு ஞாயிறன்று வேறு வேலை இருப்பதாக அவராகவே சொல்லிவிட்டார். அவளுக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை வாரம் பழகியும் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாருமே கேட்கவில்லை.

"தையல் கடை ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று மருந்துக்கடைக்காரர் பரிவோடு விசாரித்தார்.

"இல்ல சார், காலேஜ்ல தமிழ் எடுக்கிறேன்," என்றாள் அவள், மாடிப்படி ஏறிக்கொண்டே. "இப்ப நடத்திட்டிருக்கிற பாடம், ஒரு சொல் பல பொருள்."